பொம்மை ஆபீசின் ஏழு பேர்

திங்கட்கிழமை காலையில் சார் பித்தளைச் சொம்பைக் குலுக்கும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளே இருப்பவை வெறும் காகிதச் சுருள்கள். அவை சத்தம் போடாது. சாருடைய மோதிரம்தான் சொம்பில் பட்டுப் பட்டு மணி அடித்த மாதிரி கேட்கும். முப்பது பேரும் கணினிகளை விட்டு எழுந்து வந்து சுற்றி நிற்போம். ஒவ்வொருவராகக் கையை விட்டு ஒரு சுருளை எடுப்போம். பிரித்தால் அந்த வாரம் நாம் வரைய வேண்டிய காட்சியின் எண் இருக்கும். குரங்கு மரத்திலிருந்து குதிக்கும் காட்சி ஒருவருக்குக் கிடைக்கும். திருவிழாக் கூட்டத்தில் இருநூறு தலைகள் தெரியும் காட்சி இன்னொருவருக்கு விழும். கூட்டம் விழுந்தவர் அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் மாற்றிக் கேட்க மாட்டார். அடுத்த வாரம் குரங்கு அவருக்கு வரலாம்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஓர் ஐஸ் பேக்டரியில்தான் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. கனத்த சுவர்கள். கோடையில்கூட உள்ளே காலெடுத்து வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்; மீன் வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை. கார்ட்டூன் படங்களுக்கு அசைவும் பின்னணியும் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. கதையும் பாத்திரங்களும் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும். அவற்றை நடக்கவும் ஓடவும் வைப்பது நாங்கள். ஊரில் அதற்குப் பெயர் பொம்மை ஆபீஸ். "இன்னாமா, இன்னிக்கு எத்தினி பொம்ம போட்ட?" என்று மீன் விற்கிற அக்காக்கள் கேட்பார்கள். பூனை வாலை ஆட்டுகிற இரண்டு நொடிக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன் என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

தொடங்கியவர்கள் இரண்டு பேர். சார் கோட்டைக்குப்பத்துக்காரர், அவருடைய நைனா ஏரியில் வலை போட்டவர். சார் சென்னைக்குப் போய் ஓவியம் படித்து, ஒரு கம்பெனியில் அனிமேஷன் வேலை பார்த்து, கூட வேலை பார்த்த மேடத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். ஊர் சிரித்தது. படிச்சுட்டு வந்து பொம்மை போடறானாம் என்று அவருடைய சொந்தக்காரர்களே பேசினார்கள். இரண்டு பேருமே இயக்குநர்கள். வெளியே போய் வேலை பிடித்து வருவது சார். வரைந்ததைப் பார்த்துத் திருத்துவது மேடம். அவர் அதிகம் பேச மாட்டார். சரியில்லை என்றால் அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போவார். அந்தப் புள்ளியைப் பார்த்து அழுதவர்களும் உண்டு, நானும் அழுதிருக்கிறேன்.

சீட்டுப் போட்டு வேலை பிரிக்கும் வழக்கத்தை சார் ஏரியிலிருந்துதான் எடுத்து வந்தார். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தின் பக்கம் மீன்வரத்து அதிகம். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் அடிதடியில்தான் முடியும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு ஒருவருடைய பாடு என்றால் அந்த இடத்தில் அவர் வலைதான். மற்றவர்கள் படகு விலகிப் போகும். விலகிப் போவது மட்டுமில்லை, அவர் வலையைப் பற்றி வாயும் திறக்க மாட்டார்கள். வலை கட்ட நட்ட கம்பு சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், வலை தண்ணீரில் இருக்கும்வரை சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருடைய மீன்மேல் கண் வைத்ததாக ஆகிவிடும். கரைக்கு வந்த பிறகு வேண்டுமானால் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஸ்டூடியோவிலும் அதே கட்டுப்பாடுதான். ஒருவர் பாட்டில் விழுந்த காட்சியை அவராகக் கொண்டுவந்து காட்டும்வரை யாரும் எட்டிப் பார்க்கவோ கருத்துச் சொல்லவோ கூடாது. மேடம்கூட அதுவரை புள்ளி வைக்க மாட்டார்.

எங்கள் குடும்பத்துக்குப் பாடு கிடையாது. அம்மாவும் நைனாவும் தண்ணீரில் இறங்கிக் குனிந்து சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பவர்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தடவ வேண்டும். கயிறு கடித்துக் கடித்து அம்மாவின் உதட்டோரம் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. வலைக்காரர்களின் பாட்டுப் பக்கம் போனால் விரட்டுவார்கள். ஊர் கூடிச் சீட்டுப் போடுகிற கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை, அம்மாவும் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நோட்டு முழுக்கப் படம் வரைந்து அடி வாங்கியவள் நான். பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டு, எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஸ்டூடியோவில் போய் நின்றேன். முதல் திங்கட்கிழமை சார் சொம்பை என் முன்னால் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். "எடும்மா, இங்க எல்லாருக்கும் பாடு உண்டு" என்றார். ஒரு தவளை கொட்டாவி விடும் காட்சி எனக்கு விழுந்தது. அந்தச் சுருளை வெகுநாள் பர்சில் வைத்திருந்தேன்.

என்னை ஊரில் வாய்க்காரி என்பார்கள். அது உண்மைதான். சில்லறை தராத கண்டக்டரிலிருந்து ரேஷன் கடைக்காரர்வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் ஸ்டூடியோவுக்குள் இன்னொருவர் பாட்டில் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பிறந்ததிலிருந்தே பாடு உள்ளவர்கள் சில சமயம் விளையாட்டாக எட்டிப் பார்ப்பார்கள், கேலி செய்வார்கள். எனக்கு அது முடியாது. எனக்குப் புதிதாகக் கிடைத்த மரியாதை அது. அடுத்தவர் பாட்டை நான் மதித்தால்தான் என் பாடு நிற்கும் என்று மனதுக்குள் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் வாயில் கசக்கிறது.

மேடத்தின் வலது கை நடுங்க ஆரம்பித்த வருடம்தான் அவர்கள் ஓய்வைப் பற்றிப் பேசினார்கள். முதலில் டீக் கோப்பை ஆடியது, பிறகு கோடு ஆடியது. தண்ணீர் வரைவதில் அவருக்கு ஒரு தனிக் கை. மூன்றே கோட்டில் ஏரி வந்துவிடும். மூன்றாவது கோட்டை மட்டும் முடிக்க மாட்டார். பாதியில் கையை எடுத்துவிடுவார். முடிச்சுட்டா தண்ணி நின்னுடும் என்பார். நாங்கள் எல்லோரும் அதையே பழகியிருந்தோம். அந்த மூன்றாவது கோட்டில் கையை எடுக்க முடியாமல் அவர் பேனாவை மேசைமேல் வைத்ததை நான் பார்த்தேன். சாருக்கும் சர்க்கரையில் கண் மங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஸ்டூடியோவை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஆள் அனுப்பியது. சார் மறுத்துவிட்டார். வித்தா பேரு இருக்கும், ஆளுங்க இருக்க மாட்டாங்க என்று எங்களிடம் சொன்னார். அதற்குப் பதிலாக, பழைய ஆட்கள் ஏழு பேரைக் கூப்பிட்டு, ஸ்டூடியோவை எங்கள் பெயருக்கே எழுதி வைத்தார். ஏழு பேரும் சொந்தக்காரர்கள். ஆனால் இயக்குநர் நாற்காலி ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு, பாட்டு முறையில். அவரவர் வருடத்தில் அவரவர் முடிவு. தானும் மேடமும் எந்தக் காரணம் கொண்டும் மூக்கை நுழைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

ஏழு பேர் பெயரையும் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். முதல் வருடம் பின்னணி அண்ணனுக்கு விழுந்தது. நான்காவது வருடம் எனக்கு. பின்னணிப் படங்கள் வரைவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் எல்லோருக்கும் அவர் பின்னணி அண்ணன்தான். சேறு, பனைமரம், மழைக்கு முந்தின வானம் எல்லாம் அவர் வரைந்தால் நாற்றம்கூட வரும் என்று கிண்டல் செய்வோம். எட்டாம் வகுப்போடு நின்றவர். வலை போட்டுக்கொண்டிருந்தவரை சார்தான் பிடித்து வந்திருந்தார். ரொம்ப ரோஷக்காரர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தன் பெயர் எழுதின சுருளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. நாங்கள் கைதட்டினோம்.

அவருடைய பாட்டில்தான் அந்தப் பெரிய வேலை வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆள் காரில் வந்து இறங்கினார். சுவரில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் நின்று நின்று பார்த்தார். குழந்தைகளுக்கான நீண்ட தொடர் ஒன்று, மூன்று நான்கு வருடத்துக்கு வேலை இருக்கும் என்றார். சாரும் மேடமும் போன பிறகு ஸ்டூடியோ நிற்குமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த முப்பது குடும்பங்களுக்கும் மூச்சு வந்தது. ஒப்பந்தம் இங்கிலீஷில், பொது மின்னஞ்சலுக்கு வந்தது. கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு என்பதால் நான்தான் அதை அச்செடுத்தேன். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே வாசித்தேன். உள்ளே ஒரு பக்கத்தில், நாங்கள் இதுவரை வரைந்தவை, இனி வரையப்போகிறவை எல்லாவற்றின் பிரதியையும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் தங்கள் கணினிகளைப் பழக்குவது உட்பட எதற்கு வேண்டுமானாலும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் படங்கள் இனி எங்களுடையவை மட்டும் இல்லை என்கிற அளவுக்குப் புரிந்தது.

காகிதங்களை அண்ணனின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தலையைத் தூக்காமல் சரி என்றார். அவை அங்கேயே ஒரு வாரம் கிடந்தன. தினமும் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும். ஒருநாள் நின்றேன். "பேப்பர் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டேன். "பாத்துக்கினுதாம்மா கீறேன்" என்றார். இன்னும் ஒரு நிமிடம் நின்றேன். உள்ளே இருப்பது இதுதான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அவர் வலை தண்ணீரில் இருக்கிறது, நான் யார் சொல்ல என்று நினைத்தேன். நான் சொல்லி இவ்வளவு பெரிய வேலை கை நழுவிப் போனால், பாடு இல்லாத வீட்டுப் பொண்ணு வாய் வெச்சுக் கெடுத்தா என்று ஊர் சொல்லும் என்றும் நினைத்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். ஊர் முழுக்க வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் வாயைக் கட்டிக்கொண்ட நாள் அது.

அவர் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஏழு பேரில் ஒருவரான கணினித் தம்பி, ஸ்டூடியோ தொடங்கிய நாளிலிருந்து கணினியில் இருந்த அத்தனை படங்களையும் கம்பெனிக்கு அனுப்பினான். அனுப்பி முடிக்கவே பல நாள் ஆயிற்று. எதற்கு இவ்வளவும் கேட்கிறார்கள் என்று அவனுக்கும் தோன்றியதாம். கேட்கவில்லை. பிறகு பல மாதம் நன்றாகவே போயிற்று. தொடர் வந்தது, வீடுகளில் குழந்தைகள் பார்த்தார்கள், பொங்கலுக்கு எல்லோருக்கும் புதுத்துணி எடுத்தோம். அண்ணன் தன் வருடத்தை முடித்து நாற்காலியை விட்டு இறங்கியபோது மாலை போட்டோம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்தவர் வருடத்தில், பின்னணிப் படங்கள் இனி நீங்கள் வரைய வேண்டாம், நாங்களே அனுப்புகிறோம் என்று கம்பெனி சொன்னது. வந்த படங்களைத் திறந்து பார்த்தோம். சேறு, பனைமரம், மழைக்கு முந்தின வானம். அண்ணனின் கையேதான். பனைமட்டையின் நிழலைக் கொஞ்சம் நீலமாக விடுவாரே, அதுவும் இருந்தது. ஆனால் அவர் அவற்றை வரையவில்லை. யாருமே வரையவில்லை. எங்கள் படங்களைப் பார்த்துப் பழகிய கம்பெனிக் கணினி போட்டவை. அண்ணன் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், எழுந்து வெளியே போனார். மறுநாள் அவர் வரவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் காவலுக்குச் சேர்ந்துவிட்டதாகப் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு அசைவுகளும் அப்படியே வரத் தொடங்கின. கணினி போட்ட படத்தில் ஆறாவது விரல் முளைத்திருந்தால் அழிப்பது, கண் இரண்டு திசையில் பார்த்தால் நேராக்குவது என்று எங்கள் வேலை சுருங்கியது. அதற்குச் சீட்டு எதற்கு? திங்கட்கிழமைக் கூட்டம் தானாக நின்றுபோயிற்று. முப்பது பேர் பதினொரு பேராகக் குறைந்தபோது என்னுடைய வருடம் வந்தது. வாழ்நாளில் எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் பெரிய பாடு.

நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது மாதம் மேடம் போன் செய்தார். அவர் போன் செய்வதே அபூர்வம். டிவியில் ஏதோ ஜூஸ் விளம்பரத்தில் நம் தண்ணீர் வருகிறது என்றார். மூன்றாவது கோடு பாதியில் நிற்கிறதாம். அதை நாம் எந்த வருடம் செய்து கொடுத்தோம் என்று கேட்டார். "எனக்கு ஞாபகமே வரலம்மா. கைதான் போச்சுன்னு நெனச்சேன், மூளையும் போவுதா?" என்றார். தான் செய்ததைத் தானே மறந்துவிட்டதாக நினைத்து அந்த அம்மாள் எத்தனை நாள் தனக்குள்ளேயே பயந்துகொண்டிருந்தாரோ தெரியாது. இப்போதே வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தில் இருந்த பக்கத்தை, அதை நான் முன்னமே வாசித்ததை, வாசித்தும் சொல்லாததை. மேடம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். மறதி இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. சார், ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அது அண்ணன் பாடு சார் என்றேன். அவர் மங்கிய கண்ணால் என்னையே பார்த்தார்.

"வலைக்குத்தாம்மா பாடு. ஏரிக்குப் பாடு கெடையாது" என்றார். "ஒருத்தன் அவன் பாட்டுல எப்டி வேணா வலை போடலாம். மீனக் கொல்ற மருந்தத் தண்ணில கலக்க வந்தான்னா? ஊரே எறங்கித் தடுக்கும். தடுக்காதவனுக்கும் சேத்துத்தான் தண்டம். எங்க நைனா காலத்துல பாத்திருக்கேனே."

எனக்கு அது தெரியாது என்றேன். எங்கள் ஆட்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. விலகிப் போக வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். விலகிப் போகச் சொல்லித்தானே விரட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் மற்றப் பாதி உள்ளே இருப்பவர்களுக்குள் பேசிக்கொள்வது. சார் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அவரைத் திட்ட வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. திட்டவில்லை. மேடம் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து இரண்டு நாள் கழித்துப் பின்னணி அண்ணனைப் பார்க்கப் போனேன். மத்தியான வெயிலில் கிடங்கு வாசலில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். லாரி எண்களை நோட்டில் எழுதுவது அவர் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சுற்றி வளைத்து, அந்த ஒப்பந்தத்தில் இருந்ததை அப்போதே நான் வாசித்துவிட்டேன் அண்ணா என்றேன்.

"தெரியும்மா" என்றார். "மெஷினாண்ட நின்னு படிச்சியே, பாத்தேன். எனக்கு இங்கிலீஷு எங்க வரும்? உன்னக் கேக்கறதுக்கு ரோஷம். நீயா வந்து எதனா சொல்லுவன்னுதான் ஒரு வாரம் கையெழுத்துப் போடாம வெச்சிருந்தேன்."

ஒரு லாரி வந்தது. அவர் போய் எண்ணை எழுதிக்கொண்டு வந்தார். நான் மரியாதை என்று நினைத்து அந்த மேசையைக் கடந்து போன ஒவ்வொரு நாளும், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதும், நான் ஒரு நிமிடம் நின்றதும், இரண்டு பேருமே கெஞ்சுகிற மாதிரிதான் நின்றிருக்கிறோம். அவர் என்மேல் கோபப்படவே இல்லை. பஸ் கிடைக்குமா என்று விசாரித்தார், வெயிலில் நிற்காதே என்றார். வரைகிறீர்களா அண்ணா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் போட்டா அதுவும் அந்தக் கம்பெனிக்காரன்து மாதிரிதான் இருக்கும் என்றார்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனியின் புது ஒப்பந்தம் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு விரல் திருத்துகிற வேலை தருவார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது சார், மேடத்தின் சொந்தப் படத்தை. ஏரியின் முகத்துவாரம் மண் மூடி அடைத்துக்கொள்ளும் ஒரு வருடத்தைப் பற்றி, ஓய்ந்த நேரத்தில் எல்லாம் காகிதத்திலேயே வரைந்து பாதியில் நின்றுபோன படம் அது. பெட்டி பெட்டியாக ஸ்டூடியோவின் பின்னறையில் இருந்தது. கணினியில் ஏற்றாததால் முதல் தடவை அது தப்பித்திருந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, அந்தப் பெட்டிகளை ஏற்றி அனுப்பச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டால் பதினொரு பேருக்கு இரண்டு வருடச் சோறு. போடாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். வேறு வேலை எதுவும் வருவதாக இல்லை. சாரிடம் கேட்டேன். பெட்டியும் உங்களோடதுதாம்மா, எழுதி வெச்சப்போ அதையும் சேத்துத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் பட்டது எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு பேரையும் உட்கார வைத்து, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். முன்பு நான் வாய் திறக்காததைச் சொன்னேன். அண்ணன் ஒரு வாரம் காத்திருந்ததைச் சொன்னேன். சார் சொன்னதையும் சொன்னேன். இது வலை இல்லை, ஏரி, அதனால் எல்லோரும் பேச வேண்டும், போடலாமா வேண்டாமா என்று கேட்டேன். ஒருவர் கால் நகத்தைப் பார்த்தார். கணினித் தம்பி ஏதோ சொல்ல வந்து இருமிக்கொண்டான். கோடுகளைச் சுத்தம் செய்கிற ஆண்டிக்குப்பத்துப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன். அவள் புருஷன் ஏரியில் நண்டு பிடிக்கிறவன். வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம்தான். அவள் துப்பட்டா முனையைச் சுற்றிக்கொண்டு, "உங்க பாடுக்கா. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உண்மையான மரியாதையோடுதான் ஆட்டினார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி நான்கு நாள் கெடு கொடுத்திருந்தது. காகிதத்தை என் மேசைமேல், எல்லோரும் கடந்து போகிற பக்கத்தில் வைத்தேன். யாரும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை, கையெழுத்துப் போட மாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். மேடத்தின் கடைசித் தண்ணீரும் ஜூஸ் விற்கப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அது சரியான காரணமா, இல்லை முன்பு செய்த தப்புக்கு நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பரிகாரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்தவர் சோற்றில் செய்த பரிகாரம் என்று என் மனசாட்சியே சில நாள் சொல்கிறது.

பெட்டிகளை சார் வீட்டில் இறக்கினோம். கணினிகளை விற்கப் பேசியாயிற்று. மீதி மூன்று பேருக்கு வர வேண்டிய பாடு வராமலே போயிற்று. கடைசி நாள் எல்லோரும் தங்கள் சாமான்களை எடுத்துப் போனார்கள். ஆண்டிக்குப்பத்துப் பெண் மட்டும் பையோடு வாசலில் நின்றாள். தயங்கித் தயங்கி, கையெழுத்துப் போட்டிருக்கலாங்கா என்றாள். ரெண்டு வருசம் ஓடியிருக்கும், புள்ளைய ஸ்கூல்ல சேக்கற வருசம் இது என்றாள். அன்றைக்கு அத்தனை முறை கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்க பாட்டுல நான் எப்டிக்கா வாயத் தெறக்கறது?" என்றாள்.